இரவலை விற்க வந்தவள்

வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் கடையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒன்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தவள் அவள். ஏசி காற்று வாங்க உள்ளே வருகிறவரைக்கூட மூடியைத் திறந்து பார்க்க வைத்துவிடுவாள். கடையே அவள் வாயில்தான் ஓடுகிறது என்று முதலாளி சொல்வார்.

அவளுடைய கொழுந்தன் இதற்கு நேர் எதிர். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம். வேலை போக மீதி நேரத்தில் நண்பர்களோடு சேர்ந்து 'இரவல்' என்று ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தான். புத்தகமோ கருவியோ, பொருளை இரவல் கொடுக்கிற இடங்களுக்கானது. எந்தப் பொருள் யாரிடம் போயிருக்கிறது, எப்போது திரும்ப வேண்டும் என்று காட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம். காசு கிடையாது. மூன்று வருஷ உழைப்பு. பயன்படுத்தியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கொழுந்தன்.

ஒரு சனிக்கிழமை காலை அவன் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனான். கொடுத்துவிட்டு வரலாம் என்று, அவர்கள் கூடுகிற டியூஷன் சென்டரின் மாடி அறைக்கு அவள் ஏறிப் போனாள். மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர். நடுவில் ஒரு நோட்டீஸ். அதை எழுதிய கணக்கு டீச்சர் ஒரு பக்கம். எதைக் கொடுத்தாலும் முதலில் காற்புள்ளியைத் திருத்துவதால் 'கமா' என்று பேர் வாங்கிய வங்கி ஊழியர் இன்னொரு பக்கம். அரை மணி நேரமாக ஒரே வரியில் நின்றது சண்டை.

அவள் நோட்டீஸை எடுத்துப் பார்த்தாள். 'கட்டற்ற உரிமம். பல்தளச் செயல்பாடு. பரவலாக்கப்பட்ட தரவுக் கட்டமைப்பு.'

"தம்பி, இது என்ன, மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருக்கற காகிதமா?"

டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கே பாவமாகப் போயிற்று. "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். படிக்கிறவங்களுக்கு பயமா இருக்கும், அதான்."

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்களேன்" என்றார் கமா.

அவள் நோட்டீஸைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரே வரி எழுதினாள்: 'உங்க பொருள் இப்ப யார்கிட்ட இருக்கு?'

கமா கூடப் பேனாவை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் அவள் 'அண்ணி'. விடுமுறை நாளில் நோட்டீஸும் லேப்டாப்புமாகக் கிளம்பிவிடுவாள். முதலில் போன இரண்டு நூலகங்களில் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "சும்மா குடுக்கறீங்களா? பின்னாடி என்ன கேப்பீங்க?" என்று சந்தேகப்பட்டார்கள். விலை சொல்லி விற்றுப் பழகியவளுக்கு, விலையே இல்லாததை ஒருவர் தலையில் கட்டுவது இவ்வளவு பெரும்பாடு என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது இடம், நோயாளிகளுக்கு வீல்சேர், ஊன்றுகோல், மடக்குக் கட்டில் எல்லாம் இரவல் கொடுக்கும் ஒரு நிலையம். நீளமான அறை. சுவரோரம் சக்கர நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகி நின்றன. அதைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர். அண்ணி காட்டியதையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"தேதி தாண்டிப்போச்சுன்னா, வாங்கினவங்க ஃபோனுக்கு இதுவே மெசேஜ் அனுப்பிடுமா?"

அண்ணிக்கு அது தெரியாது. ஆனால் ஒன்பது வருஷப் பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது. "ஓ, அனுப்பிடும்மா. நீங்க கவலையே படாதீங்க."

அந்த வாரமே நர்ஸம்மா இரவலுக்கு மாறி, அதுவரை கணக்கு எழுதிவந்த நோட்டுகளைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்.

வீட்டில் சாப்பிடும்போது அண்ணி பெருமையாக இதைச் சொன்னாள். கொழுந்தன் கை தட்டிலேயே நின்றது.

"அண்ணி, அதுல அப்படி ஒண்ணு இல்லவே இல்லையே."

"இல்லன்னா சேத்துடு தம்பி. எங்க கம்பெனில எல்லாம் அப்படித்தான்."

"உங்க கம்பெனில அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க. இங்க யாரு இருக்கா? டீச்சர் பேப்பர் திருத்தற நேரத்துல உக்காந்து எழுதறாங்க. கமா தன் லீவ எடுத்து எழுதறாரு. நீங்க வாக்கு குடுத்தது எங்க ஞாயித்துக்கிழமைய."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. நாளைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். கடையில் தள்ளுபடி விற்பனை நடந்துகொண்டிருந்தது. நாளைக்கு, நாளன்றைக்கு என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

நர்ஸம்மாவே கூப்பிட்டார். இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பெண்ணுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் நாள். அவளுக்கென்று சொல்லி வைத்திருந்த வீல்சேர் திரும்பி வரவில்லை. மெசேஜ் போயிருக்கும் என்று நர்ஸம்மா நம்பி இருந்துவிட்டார். அந்தப் பெண் மதியம் வரை ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சில் படுத்திருந்தாள்.

"உங்க மெசினு வேலை செய்யலையேம்மா" என்றார், கோபமே இல்லாமல். அந்தக் குரல்தான் அண்ணியைக் குத்தியது.

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். உட்காராமல் நின்றபடியே சொன்னாள். "அது வேலை செய்யாம போகலம்மா. மெசேஜ் அனுப்பற வசதியே அதுல இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சே சொன்னீங்களா?"

"தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

"அது அதவிட மோசம்" என்றார் நர்ஸம்மா. பிறகு நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "உக்காருங்க. இருபத்தேழு பொருள் தேதி தாண்டி வெளிய இருக்கு. மெசேஜ் போகலன்னா வாய் இருக்குல்ல உங்களுக்கு? கூப்பிடுங்க."

அண்ணி கூப்பிட்டாள். அன்றைக்கும், அடுத்த இரண்டு சனிக்கிழமைகளிலும். திட்டு வாங்கப் போகிறோம் என்றுதான் முதல் எண்ணை அழுத்தினாள். யாரும் திட்டவில்லை. "கட்டில மாடியிலேந்து எறக்க ஆளில்லம்மா" என்றார் ஒருவர். "இன்னும் நடக்க முடியல, கேட்டா புடுங்கிப்பீங்களோன்னு பயந்துட்டு இருந்தேன்" என்றாள் ஒரு பெண். ஒரு வீட்டில் ஃபோனை எடுத்த மனிதர் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "அவ போய் ஒரு மாசம் ஆச்சு. அந்த நாற்காலிய எடுத்தா ரூம் காலியாயிடும். அதான் எடுக்கல" என்றார்.

வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றபோது ஒருநாளும் வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை அவளுக்கு. அன்று, "சரிங்க. நீங்க சொல்றப்ப வரோம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவள் முதலில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அந்த நாற்காலிக்காரரைப் பற்றிச் சொன்னாள். "நல்லவேளை, மெசேஜ் போகல. 'தேதி முடிந்துவிட்டது, உடனே திருப்பிக் கொடுக்கவும்'னு அந்த வீட்டுக்குப் போயிருந்தா?"

மெசேஜ் அனுப்பும் வேலைக்கு மூன்று மாதமாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான் கொழுந்தன். அதை ஒதுக்கிவிட்டான். பதிலாக, இன்று யாரை ஃபோனில் கூப்பிட வேண்டும் என்று காலையில் காட்டும் ஒரு பட்டியல். ஒவ்வொரு பேருக்கும் எதிரில், அந்த வீட்டு நிலைமையை எழுதி வைக்க ஒரு கட்டம். இரண்டே சாயங்காலத்தில் முடிந்தது. நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

நோட்டீஸை அண்ணி மறுபடி எழுதினாள். மேலே அதே கேள்வி. கீழே இடது பக்கம் 'இது செய்யும்', வலது பக்கம் 'இது இன்னும் செய்யாது'.

"எந்தக் கடையிலாவது இல்லாதத எழுதி ஒட்டுவாங்களா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"கடையில ஒட்ட விட மாட்டாங்க தம்பி. இங்கதான் முதலாளியே இல்லையே."

டீச்சர் சிரித்துவிட்டார். 'செய்யாது' பட்டியலில் பதினொரு வரி சேர்ந்தது. கமா பதினொன்றிலும் காற்புள்ளியைத் திருத்திக் கொடுத்தார்.

நர்ஸம்மா அந்த நோட்டீஸைத் தனக்குத் தெரிந்த நிலையங்களுக்கெல்லாம் தானே எடுத்துப் போனார். "இவங்க இல்லாதத இல்லன்னு சொல்றவங்க" என்பதுதான் அவருடைய விளம்பரம். அண்ணியின் பழைய பொய்யையும் மறைக்காமல் சொல்லிவிடுவார். கேட்கிற இடத்திலெல்லாம் அவளுக்குக் காது சிவக்கும். எட்டு மாதத்தில் ஒன்பது இடங்கள் இரவலை எடுத்துக்கொண்டன. இரண்டு இடங்கள் பிடிக்கவில்லை என்று விட்டும்விட்டன. ஏன் பிடிக்கவில்லை என்று அண்ணி போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் கடையில் இருந்தபோது புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். "உங்க நோட்டீஸ என் தங்கச்சி படிச்சுக் காட்டினா. 'செய்யாது' பக்கத்துல ஏழாவது வரி, 'கண் தெரியாதவர்களால் பயன்படுத்த முடியாது'ன்னு போட்டிருக்கீங்களாம்."

"ஆமாங்க. மன்னிச்சுக்கங்க. எங்களுக்கு அது செய்யத் தெரியல."

"எனக்குத் தெரியும். எனக்குக் கண் தெரியாது. டெலிஃபோன் ஆபரேட்டரா இருக்கேன், கம்ப்யூட்டர்ல எழுதவும் வரும். எல்லாரும் எல்லாத்தையும் செய்யும்னே எழுதறாங்க, எங்க போய் நுழையறதுன்னே புரியாது. நீங்கதான் கதவு எங்க இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நான் வரலாமா?"

எதிரே ஒரு வாடிக்கையாளர் மெஷின் மூடியைத் தானே திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அவரைக் கவனிக்கவில்லை.

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு" என்றாள். "மாடிப்படி கொஞ்சம் செங்குத்தா இருக்கும், கைப்பிடி ஒரு பக்கம்தான். நான் கீழ வந்து நிக்கறேன்."