இரண்டு நாற்பதுக்கும் மூன்று ஐந்துக்கும் நடுவே

"மூணு மணின்னு போட்டுடுறேன் சார்," என்று சொல்லிக்கொண்டே டியூட்டி டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார். "கணவர் பக்கத்துல இருந்தார், அமைதியா உயிர் பிரிஞ்சுது. சரிதானே?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கணவர் தலையாட்டினால் போதும், வேலை முடிந்துவிடும். மகளை ஏற்றி வரும் பஸ் இந்நேரம் ஊருக்குள் நுழைந்திருக்கும். வந்ததும் அவள் கேட்கப்போகும் முதல் கேள்வி அவருக்குத் தெரியும். காலையில் போனில், "நீ நிதானமா வா கண்ணு, உங்கம்மாவ விட்டு ஒரு அடி நகர மாட்டேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். டாக்டரின் அந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால், வாக்கும் காப்பாற்றப்பட்டதாகிவிடும்.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ ஒரு தாளில் தப்பைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்ல வாயெடுத்த மாதிரி.

இதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து ரெக்கார்டு ரூமில் அவள் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். வீட்டுக்குப் போனவர்கள், வீட்டுக்குப் போக முடியாமல் போனவர்கள், எல்லோருடைய கேஸ் ஷீட்டும் கடைசியில் அங்கேதான் வரும். மற்றவர்கள் பக்கங்களை எண்ணிக் கட்டி அலமாரியில் ஏற்றுவார்கள். அவள் படிப்பாள். தப்பிருந்தால் ஒரு சீட்டு எழுதிச் செருகி எழுதினவருக்கே திருப்பி அனுப்புவாள். அதனால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கையில் ஃபைலோடு அவள் வராந்தாவில் வருவதைப் பார்த்தால் பெரிய டாக்டர்கள்கூட எதையோ மறந்துவிட்டவர்கள் போலத் திரும்பி நடப்பார்களாம். இதைக் கணவர் காதில் போட்டதே ஒரு டாக்டர்தான். அதற்கப்புறம் இரண்டு நாள் பெருமையில் அவர் கால் தரையில் பாவவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும் அவருக்கு. அதனால் அவளுடைய வேலையையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். கேஸ் ஷீட் என்பது ஒருவர் எழுதி இன்னொருவர் நம்புவது. காலையில் இருந்தவர் எழுதியதை நம்பித்தான் மாலையில் வருபவர் மருந்து கொடுப்பார். ஆகவே அதில் பார்த்ததை எழுதலாம், கேட்டதை யார் சொன்னார்கள் என்று சேர்த்து எழுதலாம். தோன்றியதை எழுதக் கூடாது.

ஒருமுறை, தள்ளாடி நடந்து வந்த ஒரு பெயின்டரைப் பற்றி முதல் நாள் யாரோ 'குடிகாரர்' என்று எழுதிவிட்டார்கள். அடுத்து வந்தவர் அதைப் பார்த்து எழுதினார், அதற்கடுத்தவர் அவரைப் பார்த்து எழுதினார். பதினோரு பக்கங்களில் அந்தச் சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தலை வலிக்கிறது என்று அவர் எத்தனை தடவை சொல்லியும் யாருக்கும் உறைக்கவில்லை. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஃபைல் கீழே வந்தது. பூதக்கண்ணாடி ஒரே ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதி மேலே அனுப்பினாள்: 'குடிப்பீர்களா என்று இவரிடம் கேட்டது யார், எப்போது?' யாருமே கேட்டிருக்கவில்லை. அந்த மனிதரைத் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தபோதுதான் தலைக்குள் இருந்த கட்டி தெரிந்தது.

அந்தச் சொல்லை அழிக்கவும் அவள் விடவில்லை. அழித்தால் தப்பு நடந்ததே தெரியாமல் போய்விடும். சொல்லின் மேல் ஒற்றைக் கோடு, அடியிலிருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி. பக்கத்தில் சரியான செய்தி, கையெழுத்து, தேதி, நேரம். பதினோரு கோடுகள், பதினோரு கையெழுத்துகள்.

வீட்டிலும் இதே கதைதான். "உன் பொண்ணு சரியான சோம்பேறி" என்று அவர் ஆரம்பித்தால், "எத்தனை மணிக்கு எழுந்தான்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்பாள்.

"சார்?" என்றார் டாக்டர்.

"நான் பக்கத்துல இல்ல டாக்டர்."

கால்மாட்டில் நின்றிருந்த சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெந்நீர் பிடிக்கக் கீழ போனேன். ரெண்டாவது லிஃப்ட் நின்னு கிடந்துச்சு. கதவு மூட வருது, திரும்பத் திறந்துக்குது. ரிப்பேருக்கு வந்த ஆளு மோட்டாரக் கழட்டப் போனாரு. மோட்டார் இல்லய்யா, கதவு ஓரத்து சென்சார்ல தூசின்னு சொன்னேன். சொல்லிட்டு வந்திருக்கலாம். நின்னுட்டேன்."

தூசியைத் துடைத்ததும் லிஃப்ட் ஓடியது. அதிலேயே ஏறி, ஃபிளாஸ்கோடு மேலே வந்தார். அவளிடம் இதைச் சொன்னால் என்ன சொல்லிக் கிண்டல் செய்வாள் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். அப்போது மணி மூன்று ஐந்து. மெஷின் எதுவும் மாட்ட வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். அதனால் ஓசை எழுப்பிக் கூப்பிட அந்த அறையில் எதுவும் இருக்கவில்லை.

"இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்," என்றார் டாக்டர் மெதுவாக. "கூட இருந்தீங்கன்னு இருந்தா வீட்டுல எல்லாருக்கும் ஒரு ஆறுதல்."

"ஆறுதல்தான். எனக்கும் வேணும். ஆனா அமைதியாப் போனான்னு யாரு பார்த்தா?"

வெளியே தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போய்த் தேய்ந்தது.

"ரெண்டு நாற்பதுக்கு நான் வந்து பார்த்தேன் சார்," என்றாள் சிஸ்டர். "மூச்சு இருந்துச்சு. அப்புறம்..."

நிறுத்திக்கொண்டாள். அறையில் யாரும் இல்லை என்று எழுதினால் அது யார் தலையில் விடியும் என்பது அவருக்குப் புரிந்தது. அந்த வரி உண்மைதான். ஆனால் பாதியில் நின்றுவிட்ட உண்மை.

"அந்த நேரம் நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"ஒன்பதாம் பெட்ல. தையல் பிரிஞ்சு ஒரே ரத்தம். இன்னைக்கு இந்த வார்டுக்கு நான் ஒருத்திதான் சார்."

"அதையும் எழுதச் சொல்லுங்க. இவ இருந்தா அதத்தான் முதல்ல கேட்டிருப்பா."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அடக்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க சார். எனக்கு மூணு தடவ சீட்டு வந்திருக்கு. ஒரு தடவ கேன்டீனுக்கே ஃபைலத் தூக்கிட்டு வந்துட்டாங்க. 'நோயாளி நன்றாகத் தூங்கினார்'னு எழுதியிருந்தேன். 'நீங்க எங்க உக்காந்து பார்த்தீங்க தம்பி?'ன்னு கேட்டாங்க. எல்லாருக்கும் முன்னாடி."

"அப்புறம்?"

"அன்னைக்கு டீ இறங்கல."

சொல்லிவிட்டு டாக்டர் எழுத ஆரம்பித்தார். சிஸ்டர் எட்டிப் பார்த்து, "நான் ஓடி வந்தப்போ கை ரெண்டும் இறுக்காம விரிஞ்சிருந்துச்சு. நெத்தியில சுருக்கம் இல்ல. போர்வை கலையவே இல்ல. அத எழுதலாமா டாக்டர்?" என்றாள்.

"பார்த்தீங்கன்னா எழுதலாம்."

"பார்த்தேன்."

போர்வை கலையவில்லை. கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அமைதி என்ற சொல்லை விட்டுக்கொடுத்த இடத்தில், யாரும் கோடு போட முடியாத ஒன்று கிடைத்திருந்தது.

டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டினார். "2.40க்கு மூச்சு இருந்ததைச் செவிலியர் பார்த்தார். 3.05க்குத் திரும்பி வந்த கணவர், மூச்சு இல்லாததைக் கண்டு அழைத்தார். இடையில் அறையில் யாரும் இல்லை. கணவர் கீழ்த்தளத்தில் இருந்ததாகச் சொல்கிறார். பணியில் இருந்த ஒரே செவிலியர் ஒன்பதாம் படுக்கையில் ரத்தப்போக்கைக் கவனித்துக்கொண்டிருந்தார். கைகள் விரிந்திருந்தன, நெற்றியில் சுருக்கம் இல்லை, போர்வை கலையவில்லை. உயிர் பிரிந்த நேரம் தெரியாது. இறப்பு உறுதி செய்யப்பட்டது 3.20." தாளைத் திருப்பி அவரிடம் காட்டினார். "மேடம் இத விட்டிருப்பாங்களா சார்?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எடை ஏற்றிச் சோதித்த லிஃப்ட்டைப் பார்ப்பது போல வரி வரியாகப் பார்த்தார்.

"கோழி கிளறின மாதிரி எழுத்துன்னு திட்டியிருப்பா. மத்தபடி இது நேரா அலமாரிக்குத்தான். சீட்டே கிடையாது."

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மகள் வந்தாள். தோள் பையைக்கூட இறக்கவில்லை. அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இல்ல கண்ணு."

எல்லாவற்றையும் சொன்னார். வெந்நீர், லிஃப்ட், மூன்று ஐந்து. ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் சேர்க்கவில்லை. அவள் ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். தோள் பட்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவர் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்து பையைத் தரையில் வைத்தாள். கட்டிலின் மறுபக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தூசி இருந்தா கதவு ஏம்ப்பா மூடாது?"

அவர் அவளைப் பார்த்தார்.

"ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போய்க்கிட்டே இருக்கும்மா. நடுவுல தூசி மறைச்சுதுன்னா, யாரோ நிக்கிறாங்கன்னு கதவு நினைச்சுக்கும். இப்படி மூட வரும்..."

கட்டிலுக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளையும் நிமிர்த்திப் பிடித்து, மெல்ல நெருக்கிக்கொண்டே வந்தார். ஒரு சாண் இடைவெளியில் கைகள் நின்றன. மகள் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.