பெயர் சொல்லாமல் படிக்கலாம்

வல்லம் வடகாலில் தாண்டவராயன் வீட்டுக்குள் ஊர் பேர் சொல்லாமல் யாரும் நுழைந்ததில்லை. நிலத்தில் பாதி பக்கத்து ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. மகள் கவிப்பிரியா இணையத்தில் ஒரு விவாத மன்றம் தொடங்கியபோதும் அதையே சொன்னார்.

"'தாண்டவராயன் குடும்ப மன்றம்'னு மேல போடு. ஊரு, பேரு, கம்பெனி மூணும் குடுத்தாத்தான் உள்ள வுடணும். நம்ம வூட்டுப் பொண்ணு எழுதுறத கண்டவனும் படிக்கக் கூடாது."

பெண்களுக்குப் பயமில்லாத அறை எந்தத் தெருவில் கிடைக்கும், கம்பெனி பஸ் எந்த முனையில் நிற்கும், எல்லாம் மன்றத்தில் இருந்தது. கவிப்பிரியாவும், மாடியில் குடியிருந்த திருநெல்வேலிப் பெண் செல்வலட்சுமியும் விசாரித்து எழுதியவை. படிக்கத்தான் ஆளில்லை. பொங்கலுக்குள் ஆள் சேராவிட்டால் மூடிவிடப் போவதாகக் கவிப்பிரியா சொல்லிவிட்டாள். கோயிலில் ஊரார் நடுவே மகளைப் பற்றி மார்தட்டிய தாண்டவராயனுக்கு டீக்கடைப் பக்கம் போகவே கூசியது.

ஒருநாள் போனபோது, அங்கே எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் பரசுராமன் செல்போனை நீட்டினார். "இன்னா தாண்டவராயா, ஒரகடம் ரூம்னு தேடினா புரோக்கருங்களா வரானுங்க. உன் மன்றம் மட்டும் முக்காடு போட்டுக்கினு எங்க குந்திக்கினு கீது?"

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏம்மா, கூகுள்காரன் நம்மள ஏன் காட்ட மாட்டேன்றான்?"

"ஒவ்வொரு பக்கமா படிக்க அவங்க ஒரு புரோகிராம் அனுப்புவாங்கப்பா. அது படிச்சதைத்தான் தேடறவங்களுக்குக் காட்டுவாங்க. நம்ம கதவாண்ட வந்து அது திரும்பிப் போயிடுது. அதுக்கு ஊரு பேரு சொல்லத் தெரியாதே."

மாடிப்படியில் செல்வலட்சுமி சிரித்தாள். "நாங்க மட்டும் சொல்லிருவமா ஐயா? முன்னப்பின்ன தெரியாத எடத்துல பேரு, கம்பெனியெல்லாம் கேட்டா பயந்து மூடிட்டுல்லா போவோம்."

தாண்டவராயன் செருப்பைக் கழற்றத் திரும்பினார். வாசலில், ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பையன்கள் பானைத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பானையை வைத்தவர் அவர்தான். குடிக்கிறவனிடம் ஒருநாளும் ஊர் கேட்டதில்லை.

"படிக்கிறதுக்குத் தெறந்து வுடு," என்றார் கடைசியில். "பதில் எழுதறவன் பேரு சொல்லட்டும். உங்க ரெண்டு பேரு நம்பரும் வெளிய தெரியக் கூடாது."

"தலைப்பையும் மாத்தணும்பா. ரூம் தேடறவங்க உன் பேரைப் போட்டா தேடுவாங்க? 'ஒரகடத்தில் பெண்களுக்கு ரூம்'னு வெச்சாத்தான்..."

அதற்குத்தான் அவருக்கு வெகுநேரம் பிடித்தது. "நம்ம பேரைக் கீழ எங்கனா சின்னதா போடு."

மார்கழியில் ஒரு காலை, பையும் கையுமாக ஒரு பெண் வாசலில் நின்றாள். அவர் வாயெடுக்கும் முன்பே அவள் சொன்னாள்: "சங்கரன்கோயில் பக்கம்யா. பேரு மாரிசெல்வி. ரூம் தேடுனப்ப, இந்த வீட்டுல மொதல்ல ஊரு பேரு கேப்பாங்கன்னு நெட்டுல போட்டிருந்துச்சு."

தாண்டவராயன் கதவை அகலத் திறந்தார். "உள்ள வாம்மா. காப்பி குடி. அப்பால டீக்கடை வரைக்கும் என்கூட ஒரு நடை வா. அங்க ஒருத்தன் குந்திக்கினு இருப்பான். எதைப் பாத்து வந்தேன்னு அவனாண்ட நீயே சொல்லிடு."