நேர்ந்துவிட்ட கோழியின் முட்டை

அழகுமுத்து திருடரில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஸ்டோர் என்று எல்லோரும் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், மீசை முளைத்த நாளிலிருந்து வேலை செய்கிறார். ஒரு பிடி தூளைக்கூட மடியில் கட்டிக்கொண்டு வந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு முட்டைக்குச் சபலப்பட்டார் என்றால், அதில் பாதிப் பொறுப்பு அந்தக் கோழிக்கும் உண்டு.

கோழி பேச்சியம்மாவுடையது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், அவருக்குப் பக்கத்துக் காம்பிராவில், அதாவது அடுத்த அறையில் இருப்பவள், புருஷன் இல்லை. ஒரே மகன் கிஷாந்த் கொழும்பில் புடவைக்கடையில் வேலை பார்க்கிறான். போன வருஷம் அவன் டெங்குக் காய்ச்சலில் விழுந்து, பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தபோது, ரோதமுனிக்கு ஒரு கோழி தருவதாக நேர்ந்துகொண்டாள். ஸ்டோரின் பெரிய சக்கரத்துக்குக் காவலிருக்கிற சாமி ரோதமுனி. பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கோழியின் காலில் மஞ்சள் துணியைக் கட்டி, வருகிற திருவிழாவுக்கென்று விட்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் அந்தக் கோழிக்கு வீட்டுக் கூடை கசந்துபோயிற்று. அழகுமுத்துவின் விறகு அடுக்குக்குப் பின்னால் போய் முட்டையிட ஆரம்பித்தது. இராவேலை முடிந்து அவர் வருகிற நேரத்தில் லயத்தில் ஈ காக்கை இருக்காது. பெண்களெல்லாம் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருப்பார்கள். அவர் மனைவி நாகலெட்சுமி மூடி வைத்துவிட்டுப் போன ரொட்டியும் சம்பலும் ஆறிப்போய்க் கிடக்கும். அடுப்பு மூட்ட விறகுக்குள் கையை விட்டால், சூடாக ஒரு முட்டை.

முதல் முட்டையை யாருடையதென்று தெரியாமல் சாப்பிட்டார். இரண்டாவதைத் தெரிந்தே சாப்பிட்டார். வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு, தேங்காயெண்ணெயைத் தாராளமாக விட்டுப் பொரித்தார். ஓட்டைச் சாம்பலுக்குள் புதைத்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவருக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. வாயுவென்று நினைத்து இஞ்சி தட்டிப் போட்டுப் பிளேன்டீ குடித்தார். வலி முதுகுக்குப் போய், தோள்பட்டைக்கு ஏறி, வாந்தியில் வந்து நின்றது. இரண்டு நாள் கழித்து மறுபடி முட்டை, மறுபடி வலி. வெறும் ரொட்டி தின்ற நாளில் ஒரு குறையுமில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சாமி சொத்தில் இவர் கைவைத்தார், சாமி இவர் வயிற்றில் கைவைத்துவிட்டது. மனிதர் அப்படித்தான் நினைத்தார்.

முட்டையை அன்றோடு விட்டார். ஸ்டோருக்குள் நுழையும்போது முனியின் சின்ன மாடத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட நேரம் நின்றார். கொஞ்ச நாள் வலி இல்லை. பிறகு ஒரு கல்யாண வீட்டில் ஆட்டிறைச்சியை ஒரு பிடி பிடித்தார். அன்றைக்கே பழையபடி சுருண்டு படுத்தார். முனி மன்னிக்கவில்லை என்பது உறுதியாயிற்று. தனக்கு வலிப்பதுகூட அவருக்குப் பெரிதாகப்படவில்லை. நேர்த்திக்கடன் கெட்டுப்போனால் அது கிஷாந்த் தலையில் இறங்குமே என்பதுதான் அவரை அரித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாகலெட்சுமி கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். வாயுதான், வாயுதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிர் தூக்கிப்போட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. நாகலெட்சுமி அவர் முகத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்குங்க. எந்திரிங்க, போவோம்."

"இது ஆஸ்பத்திரி நோவு இல்ல புள்ள. நீ பேச்சியக் கூப்புடு."

துணி துவைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். அழகுமுத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, ஒன் நேத்திக்கடன நான்தான் கெடுத்துட்டேன். மஞ்சத்துணி கட்டுன கோழியோட முட்டைய, ஒண்ணா ரெண்டா, எம்புட்டோ தின்னுட்டேன். முனி என்னயக் கொண்டு போகட்டும். கிஷாந்து மேல எறங்காம இருந்தாப் போதும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுக்குத்தான் இம்புட்டு நாளா ஆஸ்பத்திரிக்குப் போகாமக் கெடந்தீங்களா?" என்றாள் பேச்சியம்மா. "ஏண்ணே, நம்ம லயத்துல நடுச்செவரு கூரை வரைக்குமா போகுது? நான் காச்சல்ல படுத்திருந்த அன்னைக்கு நீங்க பொரிச்ச வாசம் என் மூக்குக்கு மேல வந்து நின்னுச்சு."

"சட்டியக் கழுவுறது யாரு? நான்தானே," என்றாள் நாகலெட்சுமி.

அழகுமுத்துவுக்குக் காய்ச்சலை மீறி வெட்கம் வந்தது. "தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே?"

"கேட்டா நிறுத்தியிருப்பீங்க," என்றாள் பேச்சியம்மா. "ராவெல்லாம் மெசினோட நின்னுட்டு வர்ற மனுசன் ஒரு முட்டை தின்னா எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? நான் நேந்தது கோழியத்தாண்ணே, முட்டைய இல்ல. என் கூடையில போட்டப்ப நானுந்தான் தின்னேன். எனக்கு ஒரு நோவும் வரலியே. முனிக்குப் பயந்தது போதும், எந்திரிங்க."

சொல்லிவிட்டு அவள் நிற்கவில்லை. கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன், கீழ் லயத்துக்கு அரிசி இறக்க வேனோடு வந்திருந்தார். ஈரச்சேலையோடு அவள் ஓடிவந்து சொன்னதும், மிச்ச மூட்டைகளைத் தூறலில் ரோட்டோரமே இறக்கிவைத்து, மேலே தார்ப்பாயை இழுத்துவிட்டு வேனைத் திருப்பினார். "அரிசி நனைஞ்சா காயும்," என்றார். வளைவு ஒவ்வொன்றிலும் நாகலெட்சுமி கணவரை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்த கையோடு அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். பித்தப்பையில் கற்கள். அதில் ஒன்று நழுவி வந்து குழாயை அடைத்து, உள்ளே சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கல்லை எடுத்தார்கள், காய்ச்சல் அடங்கியதும் பித்தப்பையையும் எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்று, நாகலெட்சுமிக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சிங்களத்தில் சொன்னார் டொக்டர். முட்டை மேல் குற்றமில்லையாம். கல் பல வருஷமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது; முட்டையும் எண்ணெயும் போனதும் பை சுருங்கி வலித்திருக்கிறது. வலித்ததால்தான் தெரிந்தது என்றார்.

கட்டிலில் கிடந்தபடி அழகுமுத்து இதையெல்லாம் நினைத்து நினைத்து உருகினார். டொக்டருக்கு நன்றி, வேனுக்கு நன்றி, மழையில் நின்ற அரிசி மூட்டைக்கு நன்றி. வலியைக்கூட அவரால் இப்போது வைய முடியவில்லை.

மறுவாரம் பேச்சியம்மா வந்தாள். ஒருநாள் பேரை விட்டுவிட்டு, அதாவது அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு, விடியுமுன்பே பஸ் ஏறியிருக்கிறாள். கையில் ஒரு போத்தல் கஞ்சி. நாகலெட்சுமி அவளுக்கு முக்காலியைத் தள்ளிப்போட்டாள்.

"திருவிழா முடிஞ்சிச்சா தங்கச்சி?" என்று கேட்டார் அழகுமுத்து.

"நல்லா முடிஞ்சிச்சுண்ணே. கிஷாந்தும் வந்திருந்தான்."

"கோழிய?"

"குடுத்தாச்சு." அவள் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "பூசாரி யாரு பேருக்குன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்குமுன்னாடி இவன் சொல்றான், நான்தான் கல்லுக்குண்டாட்டம் நிக்கிறேனேம்மா, மாமா பேருக்குக் குடுங்கன்னு. எனக்கும் அதான் நெனப்பு. ஒங்க பேரச் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்."

அழகுமுத்து தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப கிஷாந்துக்கு நேந்தது?"

"அவனுக்கு வேற ஒண்ணு வளக்குறேன். முனிகிட்டச் சொல்லிட்டேன், ஒரு வருசம் பொறுத்துக்கன்னு. நமக்காகப் பொறுக்க மாட்டாரா?"

தன் பிள்ளையின் உயிருக்கென்று வைத்திருந்ததை எடுத்து, அதன் முட்டையைத் திருடித் தின்றவனின் உயிருக்குக் கொடுத்துவிட்டு வந்து, கஞ்சி ஆறிவிடுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அழகுமுத்து கும்பிட நினைத்தார். ஒரு கையில் சேலைன் ஊசி இருந்ததால் முடியவில்லை. மற்றக் கையை நீட்டி, சின்னப் பிள்ளைக்குத் தடவுவதுபோல் அவள் தலையைத் தடவினார். "குடிங்கண்ணே," என்று அவள் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிக் கரண்டியோடு நீட்டினாள். அவருக்கு அழுகை நிற்காததால், நாகலெட்சுமிதான் கரண்டியை வாங்கி ஊட்டினாள்.