தீவரசியின் மீதிக்கதை

பத்தொன்பது வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். அது ஐம்பத்து மூன்றாவது வயதில் என்னைத் தேடிக்கொண்டு வந்தது. அதுவும் யார் கையில்? என் நானாவின், கூடப் பிறந்த அண்ணனின், மகன் முபாரிஸ் கையில். ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிறார்களே, அங்கே ஒரு ஹோட்டலில் அவனுக்கு வேலை. முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைக்கு வாப்பா, புத்தி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. நல்ல வெயில் நேரம், நாங்கள் மீன் வெட்டிக் கருவாடு போடுகிற வாடிக்குள் நுழைந்து, எட்டுப் பெண்கள் முன்னால் போனைத் தூக்கிக் காட்டினான்.

"மாமி! நீங்க சொல்லுவீங்களே தீவரசி, அந்தப் படம் யூடியூப்ல வந்திருக்கு. முழுப்படம்!"

மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியெல்லாம் நின்றது. சுல்பா "அல்லாஹ்வே!" என்று கத்தினாள். நான் மட்டும் குனிந்து திரும்பவும் மீனை வெட்டத் தொடங்கினேன். ஏனென்றால் அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை.

கோபப்படாமல் கேளுங்கள். மன்னாரில் எங்கள் வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளை தியேட்டருக்குப் போகிற கதைக்கே இடமில்லை. வாப்பாவின் தம்பி, என் சாச்சா மட்டும் போவார். வரும்போது தியேட்டர் வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகம் ஒன்றை எனக்கு வாங்கி வருவார். மெல்லிய ஊதாத் தாளில் எட்டுப் பக்கம். முதலில் நடிகர்களின் பெயர், அடுத்தது கதைச்சுருக்கம், பிறகு பாட்டுகள். அந்தக் கதைச்சுருக்கம் ஒருநாளும் முடியாது. மூச்சு முட்டுகிற இடமாகப் பார்த்து நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டுவிடுவார்கள். வீட்டைவிட்டு வெளியே போகாதவளுக்கு எங்கே வெள்ளித்திரை? மீதியையெல்லாம் நானே படுத்துக்கிடந்து கட்டிக்கொள்வேன்.

தொண்ணூறில், சண்டைக் காலம், துவக்கோடு வந்தவர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். கற்பிட்டிப் பக்கம் வந்து தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். கரண்ட் இல்லை, ரேடியோ இல்லை. பொழுதுபட்டு மஃரிபு தொழுதுவிட்டால் பெண்கள் கூடியிருந்து அழுவார்கள். எனக்கு அழுகைச் சத்தம் கேட்டால் எரிச்சல் வரும். "சும்மா இருங்க, ஒரு படம் சொல்றன்" என்று தொடங்கினேன். படம் பார்த்தாயா என்று கேட்டார்கள். "ஓம், சாச்சாவோட போய் முன்வரிசையில இருந்து பாத்தன்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் பொய்.

கதை இதுதான். ஒரு தீவின் அரசி. அவள் புருஷன் முத்து வாங்கக் கப்பலேறிப் போகிறான். போனவன் வரவில்லை. அவள் தினமும் மாடத்தில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறாள். அவன் கடலில் மூழ்கிவிட்டான் என்று சொல்லி மந்திரி அவளைக் கட்டப் பார்க்கிறான். கலியாண மேடை போட்டாயிற்று, மாலையும் கைக்கு வந்தாயிற்று. கப்பல் திரும்பியதா? கண்ணீர் துடைக்கப்பட்டதா? அங்கே புத்தகம் முடிந்துவிடும்.

கொட்டிலில் எல்லோரும் அடுத்த மாசம் ஊருக்குப் போவோம், அடுத்த மாசம் போவோம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. அந்தக் கோபத்தில் முடிவைச் சொன்னேன். கப்பல் வரவில்லை. அரசி மாலையை மந்திரியின் முகத்தில் எறிந்து அவனைத் துரத்துகிறாள். மாடத்துக்கு ஏறி, விளக்கை இறக்கி, வீட்டுக்குள்ளே கொண்டுவந்து வைக்கிறாள். இனி இந்த வெளிச்சம் இருக்கிறவர்களுக்கு என்கிறாள். பிறகு, கஷ்ட காலத்தில் கூட நின்ற ஓடக்காரனைக் கலியாணம் முடிக்கிறாள்.

அன்றைக்கு என் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு கேட்டவள் முஃபீதா. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிறகு வாடியில் என்னோடு வேலைக்கு வந்தாள், அக்ரமை முடித்தாள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் அக்ரமும் இன்னும் மூன்று பேரும் ஆழ்கடலுக்குப் போனார்கள். போட்டும் வரவில்லை, மையித்தும் கரை ஒதுங்கவில்லை. இனி வேறு கலியாணம் முடிக்கலாம் என்று காழியார் எப்போதோ பிரிவு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் முஃபீதா வாசல் பல்பை அணைக்கவில்லை. பதின்மூன்று வருஷம் மஃரிபு முதல் விடியச் சுபஹு வரை அது எரிந்தது.

இப்போது உசனார் நானா அவளைப் பெண் கேட்டிருக்கிறார். முந்தல் ஊரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிற மனிதர், மனைவி மவுத்தாகி ஆறு வருஷம். கருவாடு எடுக்க வந்தால் தராசைப் பார்ப்பதைவிட முஃபீதாவைப் பார்ப்பதுதான் கூட. ஆனால் ஒரு வார்த்தை தப்பாகக் கதைத்ததில்லை. போன கிழமை முஃபீதா என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ராத்தா, நேத்து வாசல் பல்பை நிப்பாட்டிட்டன். தீவரசி விளக்கை இறக்கினாப் போல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவர் வருவார். ஓம் எண்டு சொல்லப் போறன்."

அப்படி இருக்கும்போதுதான் இந்த முபாரிஸ் போனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். முஃபீதா உப்புக் கையோடு எழும்பி ஓடினாள். "வெள்ளிக்கு முதல் பாக்கணும் தம்பி. அவ விளக்கை இறக்கக்குள்ள முகம் எப்படி இருந்திச்செண்டு என்ட கண்ணால பாக்கணும்." வியாழன் பின்னேரம் ஹோட்டல் புரொஜெக்டரைக் கொண்டுவருவதாக அவன் வாக்குக் கொடுத்துவிட்டான். அவன் கன்னத்தில் நல்ல அறை ஒன்று கொடுத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை, தலைவலி என்று வாடிக்குப் போகாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் படத்தைப் போட்டேன். பயந்துகொண்டுதான் போட்டேன். பத்து நிமிஷத்தில் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

என்ன சொல்ல! அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் கடலையும் உள்ளேயே கட்டியிருக்கிறார்கள். துணி அலை, சாயம் பூசின வானம், அதில் தூரிகை இழுத்த கோடுகூடத் தெரிகிறது. நிலா ஒரே இடத்தில் நிற்கிறது, பாட்டு முடியும்வரை நகரவே இல்லை. எங்கள் வாசலில் உண்மைக் கடல் கிடக்கிறது, அதை ஒருநாளும் இப்படி நான் பார்த்ததில்லை. பழைய பிரதி, வெள்ளைக் கோடுகள் மழையாகப் பெய்துகொண்டே இருந்தன. அந்த மழைக்குள்ளிருந்து அரசியாக நடித்த கனகாம்பிகா வந்தாள்.

புத்தக அட்டையில் பெருவிரல் அளவில் பார்த்த முகம். அவள் நடந்து வரவில்லை, வெளிச்சம்தான் அவளைக் கொண்டுவந்து வைத்தது. கண்ணுக்குள் இரண்டு சின்ன விளக்கு. ஒரு புருவத்தை மட்டும் மெல்லத் தூக்கினாள், மந்திரி இரண்டடி பின்னால் போனான். இப்போது வருகிற படங்களில் ஒரு முகத்தை ஒழுங்காகப் பார்க்க விடுகிறார்களா? வெட்டி வெட்டி எறிகிறார்கள். அங்கே அவசரமே இல்லை. ஒரு கடிதம் வந்தால் முழுப் பாட்டுக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். காற்று இல்லாத இடத்தில் அவள் முந்தானை மட்டும் பறக்கிறது. சுந்தரவேலு என்ற கதாநாயகன், பென்சிலால் கீறின மீசை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே அழுகிறான். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. முப்பத்து நாலு வருஷமாக நான் சொல்லிச் சொல்லிக் கட்டின அரண்மனைக்குள் யாரோ என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது.

மாலை கைக்கு வந்தது. என் புத்தகம் முடிகிற இடம். சங்குச் சத்தம் கேட்டது. கப்பல் வந்தது. சுந்தரவேலு தாடியோடு இறங்கி வந்தான்.

"அடேய்! எங்கயடா போனாய் இவ்வளவு நாளும்?" என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டேன். வந்தவன் நல்லவன்தான், பாவம். ஆனால் எனக்கு அவன் கழுத்தைத் திருகலாம் போல் இருந்தது. அணைத்துவிட்ட பல்பை முஃபீதா திரும்பப் போட்டுவிடுவாளே. இன்னும் பதின்மூன்று வருஷம் வாசலில் குந்தியிருப்பாளே. கப்பல் வந்ததை அந்த முகமே காட்டித் தந்த பிறகு, நான் எந்த வாயால் காத்திருக்க வேண்டாம் என்பது?

முபாரிஸிடம் போய்க் கெஞ்சினேன். கடைசி இருபது நிமிஷத்தை வெட்டு என்றேன். "மாமி, பழைய படத்தை வெட்டுறது பாவம்" என்றான். பெரிய ஆலிம், பாவம் புண்ணியம் சொல்ல வந்துவிட்டான்! சரி, போடா, பிளக் என் கைக்கு எட்டும் தூரத்தில்தானே இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன் அஸருக்குப் பிறகு என் வீட்டு நடு அறையில் எல்லோரும் கூடினார்கள். வெளிச்சம் வராமல் ஜன்னல்களில் எங்கள் கறுப்பு அபாயாக்களைத் தொங்கவிட்டோம். சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. வெளியே சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. விரிப்பு மெல்ல உப்பி அடங்கியது, கனகாம்பிகாவின் முகம் அதில் மூச்சு விட்டது. மீன் வாசம் போகாத எட்டுப் பெண்கள் வாயைத் திறந்தபடி அந்த முத்துத் தீவுக்குள் இருந்தோம். பாட்டு வந்தபோது சுல்பா மெதுவாக ஆடினாள். முஃபீதாவின் கன்னத்தில் படத்தின் வெளிச்சம் போய்ப் போய் வந்தது. "ராத்தா, நீங்க சொன்ன மாதிரியேதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உயிர் போனது.

மேடை வந்தது. மாலை வந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

அறை இருண்டது. எல்லோரும் கரண்ட் போய்விட்டது என்று சத்தம் போட்டார்கள். ஆனால் மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"ராத்தா," என்றாள் முஃபீதா. "ஏன் பிடுங்கினீங்க?"

இருட்டு நல்லது, முகம் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். சாச்சா, பாட்டுப் புத்தகம், முன்வரிசைப் பொய், எல்லாம். "விளக்கு இறக்கிறது படத்தில இல்ல புள்ள. அது நான் சொன்னது. படத்தில அவன் வாறான்."

"அப்ப முப்பத்து நாலு வருஷமா எங்கட காதுல பூச் சுத்தியிருக்கிறீங்க!" என்றாள் சுல்பா. யாரோ சிரித்தார்கள். முஃபீதா சிரிக்கவில்லை.

"பிளக்கைக் குத்துங்க ராத்தா. பாப்பம்."

குத்தினேன். வேறென்ன செய்ய? சங்கு ஊதியது. கப்பல் துணி அலைமேல் ஆடிக்கொண்டு வந்தது. தாடியோடு அவன் பலகையில் இறங்கினான். கனகாம்பிகா மாடத்து விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு படியெல்லாம் ஓடி வந்தாள். அவன் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தாள். ஒரு வசனமும் இல்லை. இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, முஃபீதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணீரைத் துடைக்கவே இல்லை.

படம் முடிந்தது. விரிப்பு வெறும் வெள்ளையாக ஆடியது.

"கயிறு தெரிஞ்சிச்சு ராத்தா, பாத்தீங்களா?" என்றாள் முஃபீதா. "அது கடதாசிக் கப்பல். கயித்தில கட்டி இழுத்தா வரத்தானே செய்யும். என்ட மனிசன் போனது கடலுக்கு."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப விளக்கை இறக்கினது நீங்கதானா? யா அல்லாஹ், இவ்வளவு காலமும் நான் அந்த நடிகைக்கு துஆ கேட்டிருக்கன்!"

இப்போதுதான் சிரித்தாள். எனக்குத் தாங்க முடியவில்லை, அவள் மடியில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். அழுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்படுகிறவள் நான். அவள் என் முதுகைத் தட்டினாள்.

"அழாதீங்க. நாளைக்கு உசனார் நானா வந்தா ஓம் எண்டுதான் சொல்லுவன்." பிறகு முபாரிஸின் பக்கம் திரும்பினாள். குரல் சின்னதாகிவிட்டது. "தம்பி, இன்னொருக்காப் போடுவீங்களா? அவர் வந்து இறங்கிறத மட்டும்."

முபாரிஸ் பின்னுக்கு இழுத்துப் போட்டான். கப்பல் வந்தது. சுந்தரவேலு பலகையில் கால் வைத்ததும், வெளியில் போன புருஷன் வீட்டுக்குள் வந்தால் எழும்புகிற மாதிரி, முஃபீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பி நின்றாள். நாலு தரம் போட்டோம். நாலு தரமும் எழும்பி நின்றாள்.