விளக்கு எரியணும்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதானுக்காகப் பேக்கப் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

பேக்கப் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. லிஃப்ட் பராமரிக்கிற அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர், போன், வயர் எல்லாவற்றுக்கும் அவன் ஒருவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெயில் சர்வரை மாற்றியபோது பதினொரு நாள் மெயில் காற்றோடு போனது. பேக்கப், அதாவது நகல், பத்திரமாக இருக்கிறது என்று மார்தட்டிவிட்டு டிஸ்கைத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அந்தப் பெயர்தான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க உனக்கே ஒரு பேக்கப் தேட வேண்டியிருக்கும்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பை விட்டுவிட்டு மீதியை மட்டும் அவன் மனப்பாடம் செய்துகொண்டான். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். "பூட்டு உடையாது, கதவுதான் ஒருநாள் கையோட வரும்" என்பாள் மனைவி.

இப்போது, ஆள் எடுக்காத போனின் செய்தியைப் பதிந்துவைக்கிற வாய்ஸ்மெயில் பெட்டியின் முறை. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த மிஷின், தானாகவே நின்று தானாகவே எழுந்தது. மாற்றியே ஆக வேண்டும். மேசையில் மூன்று தாள், மூன்று வழி; ஒன்றில்தான் கையெழுத்து. முதலாவது, பழைய போன் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே புது கார்டு ஒன்றைச் செருகுவது. அதற்கு உதிரி பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டாவது, குரலுக்குத் தனி சர்வர், மெயிலுக்கு அதன் நகல் மட்டும் போகும். மூன்றாவது, எல்லாம் ஒரே சர்வர். குரல், மெயில், ஃபேக்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில் விழும், செல்போனிலும் கேட்கலாம். யாராவது ஓர் இடத்தில் கேட்டுவிட்டால் எல்லா இடத்திலும் அது கேட்ட செய்தி ஆகிவிடும். மேனேஜருக்கு மூன்றாவதின் மேல் ஒரே காதல். திங்கட்கிழமையே அதைச் சர்வீஸ் மேசைக்கு மட்டும் போட்டு ஒரு வாரம் சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

சர்வீஸ் மேசை என்றால் அக்கா. யாருக்கும் அவள் சொந்த அக்கா இல்லை, எல்லோருக்கும் அக்கா. பத்தொன்பது வருஷமாக அந்த மேசையில் இருந்துதான் மெக்கானிக்குகளை ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறாள். புது சர்வருக்கு என்னென்ன தேவை என்று எல்லோரிடமும் கேட்டு எழுதியபோது அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி. விளக்கு எரியணும்."

அவள் போனின் ஓரத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு. கேட்காத செய்தி இருந்தால் எரியும். மூன்று வழியிலும் அது உண்டு. பேக்கப் மூன்றுக்கும் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். அந்த விளக்கை வைத்துத்தான் அந்த அறையே நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, யாரும் எழுதி வைத்ததும் இல்லை. அக்கா செய்தியைக் கேட்பாள், மெக்கானிக்கை அனுப்புவாள், பிறகு ஒரு பட்டனை அழுத்தி அதே செய்தியை மறுபடியும் கேட்காததாக்கி வைப்பாள். வேலை முடிந்தது என்று போன் வரும்வரை விளக்கு எரியும். அவள் சாப்பிடப் போனால் எதிர் சீட்டு ஸ்டோர்காரர் அந்த விளக்கின் மேல் ஒரு கண் வைத்திருப்பார். எரிந்தால் எழுந்து வந்து கேட்பார், அணைந்திருந்தால் நட்டு போல்ட்டை எண்ணிக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்குப் பல்வலி. ஒரு மணிக்குப் பல் டாக்டரிடம் கிளம்பினாள். பேக்கப்புக்கு இது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது. எடுக்க ஆள் இல்லாததால் வருகிற போன் எல்லாம் வாய்ஸ்மெயிலுக்குப் போகும். சொந்தக் குரலில் ஹலோ ஹலோ என்று பேசிப் பார்த்த சோதனையெல்லாம் போதும், நிஜமான செய்திகள் எப்படி வந்து விழுகின்றன என்று பார்த்துவிடலாம். பதினொரு நாள் மெயிலைத் தொலைத்தவன் இந்தத் தடவை ஒரு வினாடியைக்கூடத் தொலைக்கப் போவதில்லை. மாடியில் தன் அறையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

ஏழு செய்திகள் வந்தன. விழ விழத் தன் கம்ப்யூட்டரில் திறந்தான். ஒவ்வொன்றையும் ஐந்து வினாடி கேட்டான், மூடினான், கட்டம் போட்ட தாளில் எழுதினான். ஏழும் வந்தன, ஒன்றும் தொலையவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாக வயிற்றுக்குப் பசி தெரிந்தது. மூன்றாவதுதான் என்று தாளில் டிக் அடித்துவிட்டு சாப்பிட்டான்.

இரண்டேகால் மணிக்கு அக்காவின் கையெழுத்தும் வேண்டுமே என்று கீழே இறங்கினான். அக்கா அப்போதுதான் வந்திருந்தாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"ஒரு மணி நேரம் ஆள் இல்ல, ஒரு போன்கூட வரலை பாரேன்" என்றாள். "இவரும் ஒண்ணுமில்லைங்கறாரு."

ஸ்டோர்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். "விளக்கு எரியவே இல்லைம்மா. நான் பார்த்துட்டேதான் இருந்தேன்."

பேக்கப் விளக்கைப் பார்த்தான். "ஏழு வந்துதே அக்கா" என்றான். "நான்தான்... நான் திறந்து பார்த்தேன். சோதனைக்காக."

அக்கா அவனை ஒரு வினாடி பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரில் செய்திகளைப் போட்டாள். முதல் மூன்றும் சாதாரணம். நான்காவது ஒரு பெண் குரல்.

"ஹலோ... ஹலோ, யாராவது எடுங்களேன். நானும் அப்பாவும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல நிக்குது. புது பில்டிங்குங்க, வீடு பார்க்க வந்தோம், இன்னும் யாரும் குடிவரலை. செல்லுல சிக்னல் இல்ல, லிஃப்ட்டுக்குள்ள இருக்கற போன்லதான் பேசறேன். அப்பா ஆக்சிஜன் சிலிண்டர்லதான் இருக்காரு. அது ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் வரும். சீக்கிரம் வாங்க."

செய்தி வந்த நேரம் ஒன்று இருபது.

"லிஃப்ட் போன்ல பேட்டரி அரை மணி நேரம்கூட நிக்காது, இந்நேரம் அணைஞ்சிருக்கும்" என்று ஸ்டோர்காரர் முணுமுணுத்தார். அக்கா அதற்குள் மெக்கானிக்கைப் பிடித்துவிட்டாள். ஒல்லியாக இருப்பதால் அவனுக்குக் கம்பி என்று பெயர். "கம்பி, கையில இருக்கறத அப்படியே கீழ போட்டுட்டு ஓடு" என்று, செய்தி வந்த நம்பரை வைத்தே கண்டுபிடித்து அந்த பில்டிங்கைச் சொன்னாள். இன்னொரு கையால் பேக்கப்பிடம் அவன் செல்லைக் காட்டினாள். "நீ ஆம்புலன்ஸுக்குப் போடு."

போட்டான். விலாசத்தை இரண்டு தடவை சொன்னான். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தான். நான்காவது வரியில் அவனுடைய சொந்தக் கையெழுத்து: குரல் தெளிவு, நன்று. ஐந்தாவது, அதே நம்பர்: பின்னணி இரைச்சல் அதிகம். அவள் கதவைத் தட்டிய சத்தம் அது. ஆறாவது, அதே நம்பர்: ஒலி குறைவு. அந்தப் பெரியவரின் மூச்சைத்தான் அவன் ஒலி குறைவு என்று எழுதியிருந்தான்.

"விளக்க ஏத்து தம்பி" என்றாள் அக்கா.

"இப்ப எதுக்குக்கா?"

"வேலை இன்னும் முடியலையே."

அவள் கம்ப்யூட்டரிலேயே அந்தச் செய்தியைக் கேட்காததாக மாற்றினான். சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு முப்பத்தைந்து. இரண்டு நாற்பது. மேலே கடிகாரம் ஓடுகிற சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பேக்கப் இதுவரை கவனித்ததில்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, தாள் ரெடியா? மூணாவதுதானே?"

மென்று முழுங்கியிருக்கலாம். கம்பி போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, அக்கா காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. பேக்கப் எழுந்து நின்று நடந்ததை நடந்தபடி சொன்னான். மேனேஜரின் முகம் பேயறைந்தது போல ஆனது. ஆனாலும் காதல் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

"அப்ப தப்பு உன்னோடது. சர்வரோடது இல்லையே."

"ஆமா சார், என்னோடதுதான். இதைப் போட்டது நான், மூணு வாரமா இதையேதான் நினைச்சுட்டிருக்கேன். எனக்கே தெரியாம நான் விளக்க அணைச்சுட்டேன். மத்தவங்க அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ரெண்டாவதுல அப்படி ஆகாது. நகலை யார் கேட்டாலும், அக்கா அணைக்காம விளக்கு அணையாது."

மேனேஜர் தன் செல்போனைப் பார்த்தார். "இந்தப் பெட்டிய இன்னிக்கு சாயங்காலம் நான் இதுல போட்டுக்கறதா இருந்தேன்" என்றார் மெதுவாக. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவரும் உட்கார்ந்தார்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"எடுத்தாச்சுக்கா" என்றான் கம்பி, மூச்சு வாங்க. "ஆம்புலன்ஸ்காரங்க வேற சிலிண்டர் மாட்டிட்டாங்க. பழசுல முள்ளு அடியில கிடக்கு. பெரியவர் தண்ணி குடிச்சாரு, பேசறாரு. ஆனா அந்தப் பொண்ணு கேட்டதையே கேட்டுட்டிருக்கு. மூணு தடவ பேசினேனே, ஒருத்தர்கூடக் கேக்கலையான்னு. நான் என்னக்கா சொல்றது?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். பேக்கப் முந்திக்கொண்டு போன் பக்கம் குனிந்தான்.

"கேட்டேன்னு சொல்லு கம்பி. நான்தான் கேட்டேன். கேட்டுட்டு, குரல் நல்லா இருக்குன்னு எழுதி வெச்சேன்னு சொல்லு."