விரிப்பின் மறுமுனை

பஸ் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்தபடி பெரியவள் நின்றிருந்தாள். எதிரே சாலையைக் கடந்தால் லாண்டரியின் கேட். கேட்டைத் தாண்டினால் வருகைக்கு விரல் வைக்கும் மெஷின். அங்கிருந்து முப்பது அடி வைத்தால் ரோலர். மொத்தமே ஒரு நிமிட நடைதான். அந்த ஒரு நிமிடத்தைப் பன்னிரண்டு நாளாக அவளால் நடக்க முடியவில்லை.

உள்ளே எட்டு மணிக்கு ரோலர் ஓடத் தொடங்கியது. முதலில் ஒரு முனகல், பிறகு ஒரே சீரான உறுமல். லாரிகளின் இரைச்சலையும் மீறி அது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. கம்பியைப் பிடித்திருந்த உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்துவதற்கு முன் அவளைப் பார்த்து, வா என்று கையசைத்தார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அது எங்கே போகிற பஸ் என்று பார்க்கவில்லை.

ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் லாண்டரி அது. ரோலருக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விரிப்பை விட வேண்டும். இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் சின்னவள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஆறு வருஷமாக ஒரே துணியின் இரு முனைகளைப் பிடித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர்கள். சின்னவளுக்கு வாய் ஓயாது. "நாம தேய்ச்ச பெட்ஷீட்ட எல்லாம் வரிசையா விரிச்சா நிலாவுக்கே போயிடலாம்க்கா. ஆனா அங்கயும் நம்மள மடிக்கத்தான் சொல்லுவாங்க" என்பாள்.

விபத்து நடந்த அன்று காலை பத்தரைக்கு, மடங்கிப் போன ஓரத்தை நீவிவிட சின்னவள் கையை நீட்டினாள். விரிப்போடு கையும் உள்ளே போயிற்று. பெரியவள் தன் பக்கத்துச் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். ரோலர் நிற்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள், உள்ளங்கையால் அடித்தாள், முஷ்டியால் குத்தினாள். பட்டன் செத்து மூன்று மாதம் ஆகிறது, சூப்பர்வைசரிடம் அப்போதே எழுதிக் கொடுத்தாயிற்று என்று மெக்கானிக் பிறகுதான் சொன்னார். அவள் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மெயினை இறக்கிவிட்டுத் திரும்பியபோது முழங்கைவரை போயிருந்தது.

சின்னவள் அலறவில்லை. "அக்கா, நிறுத்துக்கா" என்று மட்டும் சொன்னாள். பொங்கி வருகிற பாலை இறக்கச் சொல்வதுபோல, அவ்வளவு மெதுவாக.

அந்தக் குரல் அதன் பிறகு பெரியவளை விடவில்லை. வீட்டில் ஃபேனை அணைத்தால் அது நிற்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நின்ற பிறகும் சுவிட்சை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். துவைத்த போர்வையை மொட்டைமாடிக் கொடியில் போடும்போது, எதிர்முனையை யாரோ பிடித்து மெல்ல இழுப்பது போலிருந்தது. போர்வையை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் வார்டு வாசலோடு திரும்பினாள். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று அங்கிருந்த ஆயா சொல்லித்தான் தெரியும்.

நோட்டீஸ் வந்த அன்று அவள் வீட்டில் இல்லை. புருஷன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். சாயங்காலம் அவள் சாப்பாட்டு டப்பாவோடு நுழைந்தபோது, நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்த விரலால் காகிதத்தைத் தள்ளினார்.

"அனுமதியில்லாம பதினோரு நாள் வரலைன்னு போட்டிருக்கான். அப்ப தினம் டப்பா கட்டிக்கிட்டு எங்க போற?"

"கேட் வரைக்கும் போறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் முடியலைங்க."

அவர் காகிதத்தை மடித்து வைத்தார். "ஊர்ல வேலைக்குப் போகாம இருக்கத்தான் பொய் சொல்லுவாங்க. நீ போயிட்டு வந்த மாதிரி பொய் சொல்லியிருக்க" என்றார். திட்டுகிற குரலாக இல்லை. டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். சோறு காலையில் வைத்தபடியே இருந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று அவரும் கூட வந்தார். சாலையைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைக் கேட்டைத் தாண்டி உள்ளே விடவில்லை. வாட்ச்மேனின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஆபீஸ் மாடியில் இருந்தது. தரை வழியாக ரோலரின் அதிர்வு செருப்புக்குள் ஏறியது. மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, பக்கத்தில் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லைன்னு டாக்டர் சீட்டு ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"கேட் கேமராவுல பார்த்தோம். தினம் எட்டு மணிக்கு எதிர்ல நிக்கிறீங்க. நடமாட முடிஞ்சிருக்கு, வந்து சேரவும் முடிஞ்சிருக்கு. ஆனா வேலைக்கு மட்டும் வரல. இதை வேணும்னே வராததாத்தான் எடுத்துக்க முடியும்."

தினம் வந்து நின்றதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அதுவே இப்படித் திரும்பிவிட்டது.

"பட்டன் வேலை செய்யல சார்" என்றாள்.

"எந்தப் பட்டன்?"

"நிறுத்துற பட்டன். நான் அழுத்தினேன். நிக்கல."

பேனா மூடி நின்றது. அதிகாரி சூப்பர்வைசரை ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்த விசாரணை உங்க லீவைப் பத்தி மட்டும்தாம்மா" என்றார்.

"அதனாலதான் சார் வர முடியல. அதை எழுதுங்க."

"மன உளைச்சல்னு எழுதிக்கிறேன்."

"பட்டன்னு எழுதுங்க சார்."

அவர் எழுதினார். காகிதத்தை அவள் பக்கம் திருப்பியபோது, அதில் தகுந்த காரணம் எதுவும் சொல்லப்படவில்லை என்று இருந்தது. அவள் அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். கையெழுத்துப் போடவில்லை. பரவாயில்லை, போட மறுத்தார் என்று குறித்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி.

உத்தரவு ஏற்கெனவே அடித்துத் தயாராக இருந்தது. ஒரு வாரம் சஸ்பெண்ட். திங்கட்கிழமை திரும்ப வேண்டும், அதே இடத்துக்கு. "மடிக்கிற பக்கம் போடுங்க சார்" என்று கேட்டாள். யாரை எங்கே போடுவது என்பது நிர்வாகத்தின் முடிவு என்றார்கள்.

உத்தரவின் நகலைத் தர, கிளார்க் பெண் தபால் பதிவேட்டை விரித்து வைத்தாள். வரிசையாக எண், தேதி, பெயர், விஷயம், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. இவள் பெயருக்கு நேர் மேலே சின்னவளின் பெயர் இருந்தது. போன வாரத் தேதி. விஷயம் என்ற இடத்தில், விபத்து நடந்த நாளைக் குறிப்பிட்டு எழுதியிருந்தது: காலை 10.40 மணிக்கு அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு வெளியேறியது. அன்று முதல் தொடர்ந்து வராதது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டியது.

"இது எப்படிம்மா? வண்டியில தூக்கிட்டுப் போனாங்களே" என்றாள் பெரியவள்.

"விரல் வெச்சிட்டுப் போகலைன்னு மெஷின்ல காட்டுது. எனக்குக் குடுத்ததைத்தான்க்கா நான் எழுதினேன்" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி.

ஆஸ்பத்திரி முகவரிக்குப் போய்த் திரும்பிய ஒப்புகை அட்டையை சின்னவளின் பெயருக்கு நேரே குண்டூசியால் குத்தியிருந்தார்கள். கையெழுத்துக்கான கோட்டின் மேல் ஊதா மையில் ஒரு ரேகை. பழக்கமில்லாமல் வைத்தது, ஒரு பக்கம் இழுபட்டுக் கலங்கியிருந்தது. அதன் கீழே தபால்காரர் பென்சிலால் எழுதியிருந்தார்: இடது பெருவிரல்.