இத்தாலிக்காரியும் ஜெயபாயும்

பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவன் காய்ச்சலில் செத்துப்போனான். அவனுடைய சாமான்களைப் பாளையத்தில் ஒரு பங்களா முற்றத்தில் பரப்பி ஏலம் விட்டார்கள். என் தங்கை ராகேலைக் கட்டின மாப்பிள்ளை ஞானையன் அங்கே போய் ஒரு கிராமபோன் பெட்டியும் ஒரு கட்டுத் தட்டுகளும் எடுத்து வந்தான். செத்தவன் சாமான் வீட்டுக்கு ஆகாது என்று சொன்னேன்.

"மச்சான், நீரு மிருகசாலையில புலிக்கு இறைச்சி வெட்டிப் போடுத ஆளு. இதொண்ணும் உமக்குப் பிடிபடாது" என்றான்.

நான் மிருகசாலை வேலைக்காரன்தான். அவன் வீட்டுப் பின்னால் ஓலைச்சாய்ப்பில் இருந்தேன். அவன் சர்க்கார் கச்சேரியில் குமஸ்தா. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பாட்டுக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பாடவைப்பவனும் அவன்தான். கொயர் மாஸ்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். பிச்சையா என்று நான் ஒருத்தன் பின்னால் இருப்பது வந்தவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இடையில் ஒரு தட்டி வேறு கட்டியிருந்தான்.

தட்டுகள் ஒரு பக்கம்தான் பாடும். மறுபக்கம் சிலேட்டு மாதிரி வழவழப்பு. வண்டியில் வந்த குலுக்கலில் பாதி உடைந்துபோயிற்று. மிஞ்சியதெல்லாம் ஒரே பெண் பாடியது. இத்தாலிக்காரியாம். முதலில் ஏதோ வார்த்தை சொல்லுவாள். பிறகு வார்த்தை கிடையாது, வெறும் ஆ, ஆ என்றுதான். அந்த ஆ மேலே ஏறும், அந்தரத்தில் நின்று நடுங்கும், பாசிமணி அறுந்து படியில் உருண்டது போல ஒவ்வொன்றாகக் கீழே விழும், மறுபடி ஏறும். கூடவே ஒரு புல்லாங்குழல் அவளைத் துரத்தும். கல்யாண ராத்திரியில் புத்தி பேதலித்து மாப்பிள்ளையைக் குத்திக் கொன்ற பெண் பாடுகிற பாட்டு என்று வெள்ளைக்காரப் பாதிரி ஐயரிடம் கேட்டுக்கொண்டு வந்தான் ஞானையன்.

"கொலகாரிக்க பாட்டா நம்ம வீட்டுல?" என்று ராகேல் நெஞ்சில் கைவைத்தாள்.

அதற்கும் அவனிடம் வழி இருந்தது. எங்கள் சபையில் பாதிப் பாட்டு வெள்ளைக்காரன் மெட்டுக்குத் தமிழ் வார்த்தை போட்டதுதானே. ஆ வருகிற இடத்திலெல்லாம் அல்லேலூயா போட்டான். கொலைகாரி ஒரே நாளில் கிறிஸ்தவச்சி ஆகிவிட்டாள்.

பெட்டி வந்தது நல்ல மழைக்காலம். உள்ளே எண்ணெய் இறுகித் தட்டு இழுத்து இழுத்துச் சுற்றியது. இத்தாலிக்காரி சளி பிடித்த கிழவன் போல முனகினாள். தட்டு சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். ஞானையன் அதைக் கடைசி வரைக்கும் முறுக்கினான். அப்படியும் சரிவராமல் சாலைக் கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவனிடம் கொண்டுபோனான். அவன் துடைத்து, புது எண்ணெய் விட்டுக் கொடுத்தான். திரும்பி வந்த பெட்டி பறந்தது. சாவி கொடுத்ததும் அந்தப் பெண்ணின் குரல் கதவு இடுக்கில் காற்று பாய்வது போல உச்சிக்குப் போயிற்று. முறுக்கிய திருகை யாரும் திருப்பி வைக்கவில்லை. எங்களில் எவன் அவளை நேரில் கேட்டான், இது சரி, இது தப்பு என்று சொல்ல?

"இப்பதான் ஒள்ள சத்தம் வருது" என்றான் ஞானையன். ஆர்மோனியத்தில் அந்த உச்ச இடத்தைத் தேடி வலக்கைக் கோடியில் ஒரு கட்டையைக் கண்டுபிடித்தான். அதில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தான்.

மறுநாள் காலையில் மகளைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

ஜெயபாய்க்குப் பதினாறு வயது. கோவிலில் அவள் வாயைத் திறந்தால் பின்பெஞ்சில் தூங்குகிறவன் நிமிர்ந்து உட்காருவான். கஷ்டப்பட்டுப் பாடுகிற குரல் இல்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் அதே குரல்தான். அந்தப் பிள்ளையைக் காலையில் கச்சேரிக்குப் போகுமுன்பும், சாயங்காலம் வந்து காலைக் கழுவின உடனேயும், பெட்டி முன்னால் நிறுத்தினான். அவளுக்குப் புளி கிடையாது, வத்தல் கிடையாது, பச்சைத்தண்ணீர் கிடையாது. தாடை தாழ்ந்தால் ரூல் தடியால் கீழிருந்து தூக்குவான். இத்தாலிக்காரி உச்சியைத் தொடும்போது இவளும் தொடவேண்டும். தவறினால் ஊசியை எடுத்து மறுபடி ஆரம்பத்தில் வைப்பான்.

"தொட்டாத்தான் கஞ்சி."

ராகேல் கஞ்சியை அடுப்பில் வைத்து ஆறவிடாமல் சூடாக்கிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் பொறுக்காமல் வெளியே வந்தாள். மாப்பிள்ளையை ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். மகளைப் பார்த்துத்தான் கத்தினாள்.

"கொஞ்சம் மனசு வச்சாத்தான் என்ன பிள்ளே? வெறகு எரிஞ்சு தீருது!"

அன்றைக்கு நான் தட்டியைத் தாண்டி உள்ளே போனேன்.

"ஞானையா, பிள்ளய கொல்லாத. காட்டுப்பூனை கூண்டுல வந்த அன்னைக்குக் கத்துத கத்து மாதிரி இருக்கு."

"பிளேட்டுல பாடியிருக்கது ஆரு, பூனையா? ஒரு பொம்பள தானே? அவளுக்கும் ஒரு தொண்ட, இவளுக்கும் ஒரு தொண்ட. அவ தொடுத எடத்த இவ ஏன் தொடப்படாது? பதில் சொல்லும்."

தட்டில் அந்தக் குரல் இருந்தது, உள்ளதுதான். "பிளேட்டு பொய் சொல்லுமா மச்சான்?" என்று கேட்டுவிட்டு அவன் ஊசியை மாற்றினான்.

ஓணம் கழிந்து, அறுப்புப் பண்டிகைக்கு முன்னால், சபையில் ஒரு சேதி படித்தார்கள். மெட்ராசிலிருந்து ஒரு வெள்ளைக்கார மிஸியம்மா வருகிறாள். மிஷன் போர்டிங்கில் வைத்துப் பாட்டு படிப்பிக்க இங்கிருந்து ஒரே ஒரு பெண்ணை எடுப்பாள். ஞானையன் தலையைத் தூக்கிச் சபையைச் சுற்றிப் பார்த்தான். அவன் மகளைத் தவிர வேறு யாரைச் சொல்ல?

அடுத்த நாள் துவைகல் பக்கத்தில் ஜெயபாய் துப்பிக்கொண்டிருந்தாள். எச்சில் செம்பருத்திச் சாறு போலச் சிவந்திருந்தது.

"மதி பிள்ளே. இதோட நிறுத்து. நான் அவன்ட்ட சொல்லுதேன்" என்றேன்.

"சொல்லாதிய மாமா." கரகரத்துத்தான் பேசினாள். "நிறுத்தினா இந்த வீட்டுலதான் கெடக்கணும். இந்த பிளேட்டு தீந்தா அப்பா அடுத்த பிளேட்ட எடுப்பாரு. மெட்ராசுக்குப் போயிட்டேன்னா போரும். அந்த ஒரு எடத்தத் தொட்டுட்டா போயிரலாம்."

"அங்க மட்டும் என்னவாம்? அந்த மிஸியம்மாவும் ஒரு ரூல் தடி வச்சிருப்பா."

"வச்சிருக்கட்டு. அவ எனக்க அப்பா இல்லல்லா."

அந்த வாரமே அவள் உச்சியைத் தொட்டாள். சுண்ணாம்புப் பொட்டு வைத்த கட்டையை ஞானையன் அழுத்தினான், இரண்டு சத்தமும் ஒன்றாகப் போயிற்று. அன்றைக்குத்தான் கஞ்சியோடு ஒரு துண்டு கருவாடு கிடைத்தது.

மிஸியம்மா வந்து இறங்கிய பங்களாவுக்குப் பெட்டியை என் தலையில் ஏற்றிக்கொண்டு நான் பின்னால் போனேன். முதலில் தட்டைப் போட்டுக் காட்டவேண்டும், பிறகு மகளைப் பாடவைக்கவேண்டும், வெள்ளைக்காரி ஒப்பிட்டுப் பார்த்துப் பிரமிக்கவேண்டும் என்பது ஞானையன் ஏற்பாடு. கோவிலில் மணியடிக்கிற தாசையனும் மகள் சரோஜத்தைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்றான். அவள் எங்கள் கொயரில் கடைசி வரிசையில் நிற்கிறவள்.

"நீரும் கொண்டு வந்திட்டீரா? இங்க மணியொண்ணும் இல்லையே, அடிக்கதுக்கு" என்றான் ஞானையன். தாசையன் சிரித்து வைத்தான்.

சரோஜம் ஞானப்பாட்டு ஒன்று பாடினாள். சாதாரணக் குரல். தப்பில்லை. மிஸியம்மா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு ஞானையன் பெட்டிக்குச் சாவி கொடுத்து ஊசியை வைத்தான்.

இத்தாலிக்காரி இரண்டு வரி பாடியிருக்கமாட்டாள். மிஸியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, இது குதிரைப் பந்தயம் போல் ஓடுகிறதே! இந்தப் பாட்டை நான் அறிவேன்" என்றாள். வேதபுத்தகத்துத் தமிழ்தான் அவளுக்கு வரும். எழுந்து வந்தாள். ஒரு விரலால் அந்தத் திருகைத் திருப்பினாள்.

குரல் இறங்கியது. ஊசி போல இருந்தது சதையும் ரத்தமுமாக ஆயிற்று. நடுவயதுப் பெண்ணொருத்தி, நன்றாகச் சாப்பிட்டவள், மூச்சை நிதானமாக எடுத்து விட்டுப் பாடுவது கேட்டது. உச்சிக்கும் போனாள். போய் அவசரமில்லாமல் நின்றாள். அது ஜெயபாய் முதல்நாளே எட்டிப் பிடித்திருக்கக்கூடிய இடம்.

ஜெயபாய் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இவ்வளவுதானா?"

"சும்ம நில்லு" என்றான் ஞானையன்.

"பெண்ணே, நீ எப்படிப் படித்தாயோ அப்படியே பாடு" என்றாள் மிஸியம்மா.

ஜெயபாய் பாடினாள். அல்லேலூயா என்று ஏறினாள், உருட்டினாள், அந்தப் பாழாய்ப்போன பொட்டு வைத்த இடத்தைத் தொட்டு நின்றாள். நெற்றி நரம்பு கயிறாய்ப் புடைத்திருந்தது. மிஸியம்மாவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. பியானோவுக்கு ஓடினாள்.

"இந்தக் கட்டை அவளுடையது" என்று ஒன்றை அழுத்தினாள். அதற்கும் மேலே போய் வேறொன்றை அழுத்தினாள். "இது இவளுடையது! அந்த இத்தாலிய ஸ்திரீகூட இங்கே வந்ததில்லை!"

ஞானையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர். தான் செய்த காரியம் என்னவென்று அப்போதும் அவனுக்கு ஏறவில்லை.

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களை மிஸியம்மா கூப்பிட்டாள். கோப்பையும் கையுமாக வந்து நின்றார்கள். "மறுபடியும்" என்றாள். ஜெயபாய் மறுபடியும் தொட்டாள். அவர்கள் கைதட்டினார்கள். மிருகசாலையில் யானை தும்பிக்கையால் சலாம் போட்டால் இதே கைதட்டல்தான் கேட்கும். ஒரு தொப்பிக்காரன் குனிந்து பிள்ளையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் மேலே போகிறாயா பார்ப்போம்" என்று மிஸியம்மா அடுத்த கட்டையை அழுத்தினாள்.

நான் முன்னால் போனேன். "அம்மா, பிள்ளைக்கு ரெத்தம் வருது, மதியாக்குங்க" என்றேன். ஞானையன் என் வயிற்றில் கைவைத்துப் பின்னால் தள்ளினான்.

"ஒண்ணுமில்ல மிஸியம்மா. இது எங்க வேலக்காரன். சாரமில்ல, அவ பாடுவா."

ஜெயபாய் என்னைப் பார்க்கவில்லை. மிஸியம்மாவின் விரலைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு கட்டைக்கும் மெட்ராஸ் கிட்டத்தில் வருகிறது என்று நினைத்திருப்பாள். வேறென்ன நினைக்க? அந்தக் கட்டையையும் தொட்டாள். கூடியிருந்தவர்கள் ஓவென்றார்கள். மிஸியம்மா அடுத்ததை அழுத்தினாள்.

பழந்துணியைக் கிழித்தது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு வாய் திறந்திருந்தது, மூச்சு வந்தது, சத்தம் வரவில்லை. ஜெயபாய் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். மறுபடியும் முயன்றாள். தொப்பிக்காரன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மிஸியம்மா பியானோவை மூடினாள்.

"பரிதாபம். இவளுக்கு யார் இப்படிக் கற்பித்தது? இந்தத் தொண்டை கெட்டுப்போயிற்று. கெட்ட தொண்டையை நான் மெட்ராசுக்குக் கொண்டுபோகக் கூடாது." ஓரமாக நின்ற சரோஜத்தைக் கூப்பிட்டாள். "உன் பெயர் என்ன?"

வீட்டுக்கு வருகிற வழியில் ஞானையன் வேகமாக முன்னால் நடந்தான். நாலு தெரு கூடுகிற நாற்கூட்டில் நின்று மகளிடம் திரும்பினான்.

"ஒரு கட்டைக்கு முன்ன நிறுத்தியிருக்கப்படாதா, மூதேவி? இனி முடியாதுன்னு கையக் காட்டினா ஆகாதா? மணியடிக்கவனுக்க மோளுக்கு முன்ன எனக்க மானத்த வாங்கிட்டியே."

அதன்பிறகு அவள் பேச்சு உமியைத் தேய்த்தது போல ஆயிற்று. ஒரு டாக்டர் பார்த்தார். சரியாகும் என்றார். நான் நம்பவில்லை, சரியாகவும் இல்லை. பெட்டியை ஞானையன் விற்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் பழைய வேகத்திலேயே அந்தத் தட்டைப் போட்டு, "எனக்க மோளு இதுக்கும் மேல பாடினவ" என்று சொல்லுவான். சாவி கொடுப்பது ஜெயபாய்.

கிறிஸ்துமஸ் கழிந்து சரோஜம் தகப்பன் தாசையனோடு புறப்பட்டாள். வழியனுப்பக் கொயர் முழுவதும் ரயிலடிக்குப் போகவேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். ஞானையன் எல்லோரையும் மேடையில் வரிசையாக நிறுத்தினான். மகளை முன்வரிசையில் நிறுத்தினான்.

"வாய மட்டும் அசச்சா போரும். நாலுபேரு பாக்குதாங்க" என்றான்.

அவர்கள் பாடினார்கள். ஜெயபாய் வாயை அசைத்தாள். சரோஜம் வண்டிக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஜெயபாயக்கா, நீங்க போகவேண்டிய எடம் இது. எனக்குத் தெரியும். ஒரு வார்த்த நல்லதாச் சொல்லி அனுப்புங்க."

ஜெயபாய் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டினாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அங்க போயி உனக்க தொண்டையும் கிழியட்டு."

சரோஜம் கையை உருவிக்கொண்டாள். முகம் வெளிறி, உள்ளே நகர்ந்து, தகப்பனின் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. அவள் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

"என்ன சொன்னா?" என்று ஞானையன் என்னிடம் கேட்டான்.

"கர்த்தர் காப்பாத்தட்டும்னு சொன்னா" என்றேன்.

"அப்படித்தான் சொல்லணும்" என்று அவன் தலையை ஆட்டினான். பாட்டுக்காரர்களை அனுப்பிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தான். நான் ஜெயபாயின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு, குடைநிழல் படாத தூரத்தில், அவன் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தாள்.